நாஸ் சர்வர் வேகம் விழுகிறதா? முதலில் டிஸ்க் மாடல் நம்பரைப் பாருங்கள்

மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ கடையில் சொல்லி நாஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் போட்டு வைக்கும் சேமிப்புக் கம்ப்யூட்டர்) அசெம்பிள் செய்து வாங்கியவர்கள், அதிலும் ஒரே மெஷினுக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை வைத்துக் கொடுத்திருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது வேகம் படுத்துக்கொண்டால் "விர்ச்சுவல்னா அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்களிடம் அதைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அது பொய்.

நானும் மச்சானும் திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். இப்போதெல்லாம் எல்லாமே ஃபோர்-கே. மூன்று கேமரா போனால் ஒரு கல்யாணத்துக்கே சில நூறு ஜிபி சேர்ந்துவிடும், வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதனால்தான் வீட்டு மாடி அறையில் ஒரு சர்வர் வைக்க முடிவு செய்தோம். மதுரைக்குள் சிசிடிவி, பில்லிங் கம்ப்யூட்டர் எல்லாம் போட்டுத் தரும் ஒரு கடையில் வேலையைக் கொடுத்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, கமெண்டில் கேட்காதீர்கள். கொட்டேஷனில் "நாஸ் டிஸ்க் 4 டிபி - 4" என்று மட்டும் இருந்தது. எந்த மாடல் என்று கேட்டதற்கு, "எல்லாம் நாஸ் டிஸ்க்தான்ணே, நாங்க வேற போடுறதே இல்ல" என்றார் கடைக்காரர்.

டெலிவரி அன்று அவர் காட்டிய டெமோவைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே டெமோவை உங்களுக்கும் காட்டுவார்கள். டெர்மினலைத் திறந்து, டிஸ்க்கில் தகவல் எழுதும் டிடி கட்டளையில் வெறும் பூஜ்ஜியங்களை எழுதிக் காட்டினார், நொடிக்கு ஜிபி கணக்கில் வேகம் வந்தது. ட்ரூநாஸில் எல்.இசட்.4 கம்ப்ரஷன் வழக்கமாக ஆனில்தான் இருக்கும், பூஜ்ஜியத்தைச் சுருக்கினால் ஒன்றுமே மிஞ்சாது, அதாவது டிஸ்க்குக்கு அங்கே வேலையே இல்லை. அப்புறம் ஒரு சினிமா ஃபைலை, ஐந்து ஜிபி இருக்கும், லேப்டாப்பிலிருந்து போட்டுக் காட்டினார். நொடிக்கு 112 எம்.பி. ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் அதிகபட்சம் அவ்வளவுதான் வரும், சரியான வேகம்தான். ஆனால் அவ்வளவு சின்ன ஃபைலை ராமும் டிஸ்க்கில் வேகமாக எழுதும் சின்னப் பகுதியுமே தாங்கிக்கொள்ளும். டிஸ்க்கின் உண்மையான வேகம் அதில் தெரியாது.

முதல் கல்யாண ஃபுட்டேஜைப் போட்டபோதே தெரிந்துவிட்டது. தொடங்கும்போது 110. சில பத்து ஜிபி போனதும் 60, பிறகு 15, பிறகு பூஜ்ஜியம். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், திடீரென்று எழுந்து ஓடும், மறுபடி நிற்கும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் இன்னும் பாதி பாக்கி.

கடைக்குப் போன் செய்தால் முதலில் கேபிளை மாற்றச் சொன்னார்கள். பிறகு விண்டோஸ் அப்டேட் என்றார்கள். பிறகுதான் அந்த "விர்ச்சுவல்" கதை. கடைசியில் எஸ்எஸ்டி கேஷ் போட்டால் சரியாகிவிடும் என்று அதற்கும் ஒரு கொட்டேஷன் அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்ததே அதில்தான். ட்ரூநாஸில் எல்2ஆர்க் என்ற எஸ்எஸ்டி கேஷ் படிக்கும் வேகத்துக்கு. ஸ்லாக் என்ற இன்னொரு வகை உதவுவது, எழுதியாயிற்று என்று உறுதி வரும் வரை காத்திருக்கும் சிங்க் ரைட்டுக்கு மட்டும், விண்டோஸிலிருந்து ஷேர் ஃபோல்டருக்குப் போகும் சாதாரண காப்பி அந்த வழியில் வருவதே இல்லை. இரண்டு எஸ்எஸ்டி வாங்கியிருந்தாலும் எங்கள் பிரச்சினை அப்படியேதான் இருந்திருக்கும்.

சித்தப்பா மகன் வடபழஞ்சி எல்காட் பூங்காவில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதலில் நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினான், 940 மெகாபிட் வந்தது. "நெட்வொர்க்ல ஒண்ணும் இல்லண்ணே, கேபிள விடுங்க" என்றான். அடுத்து காப்பி ஓடும்போதே ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று இசட்பூல் ஐஓஸ்டாட் கட்டளையில் பார்த்தான். நான்கில் இரண்டு டிஸ்க் மில்லி நொடிகளில் பதில் சொல்கின்றன, மற்ற இரண்டும் நொடிக்கணக்கில் இழுக்கின்றன. நான்கு டிஸ்க்கையும் ஒரே தொகுப்பாக்கும் ரெய்டு-இசட் முறையில் நான்கும் சேர்ந்து எழுதினால்தான் வேலை முடியும், அதனால் மெதுவான டிஸ்க்கின் வேகம்தான் மொத்தத்தின் வேகம்.

சரி, அந்த இரண்டும் என்ன டிஸ்க் என்று ட்ரூநாஸில் பார்க்கலாம் என்றால் நான்குக்குமே "கியூஇஎம்யூ ஹார்ட்டிஸ்க்" என்றுதான் காட்டுகிறது. மாடல் இல்லை, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரமும் இல்லை. சாட்டா கன்ட்ரோலரை முழுதாக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்திருந்தால் நிஜ டிஸ்க் நிஜப் பெயரோடு தெரிந்திருக்கும், ஒவ்வொரு டிஸ்க்கையும் விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றிக் கொடுத்ததால் எல்லாவற்றின் முகமும் மூடிக்கொண்டது. பிராக்ஸ்மாக்ஸ் பாஸ்வேர்டும் எங்களிடம் இல்லை. "அது சர்வீஸுக்கு மட்டும்தான்ணே, உங்களுக்குத் தேவைப்படாது" என்று கடையே வைத்துக்கொண்டது. அதனால் தம்பி உபுண்டு பென் டிரைவில் மெஷினை பூட் செய்து, அந்த விவரங்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டினான். இரண்டு டிஸ்க் நாஸ் மாடல். மற்ற இரண்டும் சாதாரண டெஸ்க்டாப் மாடல், எஸ்.எம்.ஆர் வகை.

எஸ்.எம்.ஆர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இடத்தை மிச்சப்படுத்த, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பது மாதிரி, தகவல் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். நடுவில் ஒன்றை மாற்ற அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். இந்தத் தாமதம் தெரியாமல் இருக்க, சாதாரண முறையில் வேகமாக எழுதும் பகுதி ஒன்றை டிஸ்க்கிலேயே வைத்திருப்பார்கள். அது நிரம்பும் வரை வேகம் அருமையாக இருக்கும், நிரம்பியதும் படுத்துவிடும். பேக்கப் எடுத்துப் பெட்டியில் வைக்க இந்த டிஸ்க் பரவாயில்லை, ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு முறைக்கு ஆகாது. வேகத்தைவிடப் பெரிய ஆபத்து, ஒரு டிஸ்க் போய் மாற்று டிஸ்க் போடும்போதுதான் வரும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரை உள்ள சில மாடல்கள் எஸ்.எம்.ஆர் என்று ஒப்புக்கொண்டது, பிறகுதான் தடங்களை ஏற்றாமல் சாதாரண முறையில் எழுதும் சி.எம்.ஆர் டிஸ்க்குகள் ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரிந்தன. அப்போது நடந்த ஒரு சோதனையில், மாற்று டிஸ்க்கில் தகவலைத் திரும்ப நிரப்பும் ரீபில்ட், ஒரு நாளுக்குள் முடிய வேண்டியது, ஒன்பது நாளைத் தாண்டி ஓடியது. அந்த இடைவெளியில் இன்னொரு டிஸ்க் போனால், எங்களை மாதிரி, ஒரு டிஸ்க் போனால் மட்டும் தாங்கும் ரெய்டு-இசட்1 வைத்திருப்பவர்களுக்கு எல்லாமே போய்விடும். ஒருத்தர் வீட்டுத் தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியுமா?

இன்னொன்றும் அதே திரையில் தெரிந்தது. அந்த இரண்டு டிஸ்க்கில் ஒன்றின் ஓடிய நேரம் இருபத்தாறாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பில்லில் அது புது டிஸ்க். இந்த எண் குறைவாக இருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டது வெளியே வந்தபோது, ஸ்மார்ட்டில் மணிக்கணக்கு அழிக்கப்பட்டிருந்தது, ஃபார்ம் என்ற தனிப் பதிவில்தான் உண்மை இருந்தது. சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட்சிடிஎல் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். "டிஸ்க்க நீங்களே மாத்திட்டு வந்து சொல்றீங்களா" என்று கேட்டார்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதாமல் விடுவது இதற்குத்தான். நல்லவேளை, டெலிவரி அன்று மச்சான் கேபினட் திறந்திருந்தபோது எடுத்த போட்டோவில் லேபிள் தெளிவாக இருந்தது. அதைக் காட்டிய பிறகு டிஸ்க்கை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றார்கள், அதுவும் என்ன மாடல் என்று எழுதித் தர மறுத்தார்கள். நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். பொருள் வாங்கக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், பிராக்ஸ்மாக்ஸ் ரூட் பாஸ்வேர்டையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரன்டியும் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் பாஸ்வேர்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விர்ச்சுவல் மெஷினை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு எங்களை மாதிரியே லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டுங்கள், வெறுமனே படிப்பதால் டிஸ்க்கில் எதுவும் மாறாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு "ட்ரிம் கமாண்ட் அவைலபிள்" என்று வந்தால் அது பெரும்பாலும் எஸ்.எம்.ஆர்தான். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கிறவர்கள் ரொம்பக் கவனமாக இருங்கள், இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், கேன்சல் மட்டும்தான் அழுத்த வேண்டும்.