எடிட்டிங் கற்க எந்த சாஃப்ட்வேர்? ஓர் அரங்கேற்ற வீடியோவோடு மூன்று வாரம்

அக்கா மகளின் அரங்கேற்றம் போன நவம்பரில் டெல்லி ஆர்.கே. புரத்தில் நடந்தது. வீடியோவுக்கு ஆள் வைக்கலாம் என்று விசாரித்தால், அவர் கேட்ட தொகையில் மேக்கப்பையும் மாலையையும் சேர்த்து முடித்துவிடலாம் போலிருந்தது. "நீதான் போன்ல நல்லா எடுப்பியே தம்பி" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்ல, இரண்டு போன், இரண்டு ஸ்டாண்டு, சவுண்டுக்காரரின் மிக்சரிலிருந்து தனியாக ஒரு ரெக்கார்டர் என்று நானே இறங்கிவிட்டேன். எடுத்ததெல்லாம் சரி. வாழ்க்கையில் ஒரு வீடியோவைக்கூட வெட்டி ஒட்டியதில்லை என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப்: 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 11. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'எது பெஸ்ட்' என்று கேட்கிற எல்லோரும் இதைச் சொல்லாமல்தான் கேட்கிறார்கள், பதில் சொல்கிறவர்களும் அவரவர் மெஷினை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

யூடியூபில் பாடம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் கேப்கட் என்ற எடிட்டிங் ஆப்பைக் காட்டுவார்கள். அது இந்தியாவில் தடை, 2020-இல் டிக்டாக்கோடு தொடங்கிய வரிசையில் போனது, அதனால் அந்தப் பாடங்களை அப்படியே தாண்டிவிடலாம். விண்டோஸ் 11-இலேயே கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் இருக்கிறது. இலவசத்திலேயே 1080பி (ஃபுல் எச்டி) வரை, படத்தின் மேல் கம்பெனி முத்திரை (வாட்டர்மார்க்) விழாமல் வெளியே எடுக்கலாம். பிறந்தநாள் வாழ்த்து, ஸ்கூல் ஃபேர்வெல் மாதிரி ஐந்து நிமிஷச் சமாசாரம் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், அதிலேயே முடியுங்கள். இரண்டு மணி நேரக் கச்சேரியை அதில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நான் முதலில் இறக்கியது விளம்பரத்தில் பார்த்த ஒன்று. பேர் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து அலாரிப்பு முதல் தில்லானா வரை கோத்துவிட்டு எக்ஸ்போர்ட் அழுத்திய பிறகுதான் நடுத்திரையில் பெரிய முத்திரை விழும், எடுக்கப் பணம் கட்டு என்றது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தில்லானாவைப் பார்த்தவள், "மாமா, நான் கால் தட்டினதுக்கு அப்புறம் தாளச் சத்தம் வருது பாருங்க" என்றாள். பார்த்தேன். கால் தரையில் விழுந்து, முழங்கால் அடுத்த அடவுக்கு மடங்க ஆரம்பித்த பிறகு நட்டுவனாரின் தாளம் 'டிங்' என்கிறது. அலாரிப்பில் போய்ப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது. நடுவில் வருகிற வர்ணத்தில் லேசாகப் பிசகல். தில்லானாவில் கண்ணுக்கே தெரிகிற இடைவெளி. சினிமாவில் டப்பிங் பொருந்தாவிட்டால்கூடச் சகித்துக்கொள்ளலாம், பரதநாட்டியத்தில் இப்படி வந்தால் ஆடின பெண்ணுக்குத் தாளம் தெரியாது என்றுதான் நாலு பேர் சொல்லுவார்கள்.

சாஃப்ட்வேரைத் திட்டித் தீர்த்த பிறகு தெரிந்தது, பாதிக் காரணம் போன். போன் நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று சொல்லுமே தவிர அந்த 30-ஐ ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்காது. வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும், கூடினால் ஏற்றிக்கொள்ளும். இதற்கு வேரியபிள் ஃபிரேம் ரேட் என்று பேர். எடிட்டிங் சாஃப்ட்வேர் இதைக் கவனிக்காமல் எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளியில் வருவதாக நினைத்துக்கொண்டால், படம் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியை விட்டு விலகும், நேரம் ஆக ஆக விலகல் கூடும். அலாரிப்பு தப்பித்து தில்லானா மாட்டியது இதனால்தான். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஃபைலைத் திறந்தால் 'ஃபிரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று காட்டிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவசக் கருவியில், வீடியோ பக்கத்தில் 30 என்று வைத்து, கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனேன்.

அப்புறம்தான் கேடென்லைவ். கேடிஈ என்ற திறமூலக் கூட்டத்தாரின் தயாரிப்பு, முழு இலவசம், முத்திரை கித்திரை எதுவும் கிடையாது. எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம், மாற்றாத போன் வீடியோவை உள்ளே போட்டாலே 'இது வேரியபிள், எடிட்டுக்குத் தோதாக மாற்றித் தரட்டுமா' என்று அதுவே கேட்கிறது. (சரி என்றால் ஃபைல் வீங்கிவிடும், ஹார்டு டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டாவது, ப்ராக்ஸி. பெரிய வீடியோவுக்குச் சின்னதாக ஒரு நகல் போட்டுக்கொண்டு அதில் நாம் வெட்டுகிறோம், கடைசியில் ஒரிஜினலை வைத்து அது வெளியே எடுக்கிறது. 8 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்காமல் ஓடியது இதனால்தான். மூன்றாவது, ரெக்கார்டர் ஒலியை ஆதாரமாக வைத்து மற்ற கிளிப்புகளை அதோடு தானாகப் பொருத்துகிற வசதி. இரண்டு போனையும் மேலும் கீழுமாக வைத்து, மேலே இருக்கிறதில் வேண்டாத இடத்தை ஷிஃப்ட் ஆர் அழுத்தி வெட்டித் தூக்கினால் கீழே இருக்கிற கோணம் தெரியும். அவ்வளவுதான் என் மல்ட்டி கேமரா. குறையும் உண்டு: முதல் நாள் திரை முழுக்கச் சின்னச் சின்னப் பட்டன்களைப் பார்த்தால் மின்வாரிய ஸ்விட்ச் போர்டு மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஆனது எனக்கு. கேடென்லைவுக்கு உள்ளே இருக்கிற அதே எம்எல்டி எஞ்சினில் ஓடும் ஷாட்கட் இன்னும் எளிமை, பயமாக இருந்தால் அதில் தொடங்கலாம்.

தமிழில் டைட்டில் போடுகிறவர்கள் எதை வாங்கும் முன்பும் ஒரு சோதனை செய்யுங்கள். 'கௌத்துவம்' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றால், அல்லது புள்ளி தனியாக வட்டம் கட்டிக்கொண்டு வந்தால், மூடி வைத்துவிடலாம். நான் முதலில் இறக்கியதில் அப்படித்தான் ஆனது. கேடென்லைவில் சுத்தமாக வந்தது. அடோபியின் பிரீமியர் புரோவில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய்த் தெற்காசிய எழுத்து முறையை மாற்ற வேண்டும். அது மாத வாடகை ஆசாமி வேறு, ஆண்டுத் திட்டத்தை மாதத் தவணையில் எடுத்துவிட்டு நடுவில் நிறுத்தினால் அதற்கும் கட்டணம். தொழிலாகச் செய்யப்போகிறவர்களுக்கு சரி, ஒரு அரங்கேற்றத்துக்கு எதற்கு?

டாவின்சி ரிசால்வ் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். இலவசப் பதிப்பே ஏகப்பட்டது செய்யும், ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை. ஆனால் 16 ஜிபி ரேம் கேட்கிறது, கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருந்தால்தான் அதற்குச் சந்தோஷம். நேரு பிளேஸில் ஒரு கடையில் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு (உங்கள் லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேமை போர்டோடு பற்றவைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போங்கள்) ஒரு சனிக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்தேன். மேடையில் ரோஸ் கலர் லைட்டைப் போட்டு, மாம்பழ மஞ்சள் பட்டு முழுக்க ஏதோ துருப்பிடித்த நிறத்தில் வந்திருந்தது. ரிசால்வின் கலர் பக்கத்தில் அதைப் பழைய மஞ்சளுக்குக் கொண்டுவந்தபோது அக்கா கையைத் தட்டினாள். டாவின்சியின் பூர்வீகமே கலர் கிரேடிங்தான் (படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வேலை), 2009-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கியது, அந்த வித்தை அங்கே தெரிகிறது. வர்ணம் ஆடின பகுதியை மட்டும் அதில் செய்தேன். முழு இரண்டு மணி நேரத்தையும் செய்ய என் மெஷினுக்குத் தெம்பு இல்லை, எனக்குப் பொறுமையும் இல்லை.

கடைசி வில்லன் பென் டிரைவ். கும்பகோணத்தில் அம்மாவின் டிவியில் பார்க்க அனுப்ப வேண்டும். நொடிக்கு 8 மெகாபிட் என்று எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டு மணி நேரம் ஏழு ஜிபிக்கு மேல் வந்தது, ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கும் பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, வேறு ஃபார்மட்டை அந்தப் பழைய டிவி படிக்காது. 4 மெகாபிட்டுக்கு இறக்கி மறுபடி எடுத்தேன். அடங்கியது.

அம்மா பார்த்துவிட்டு போன் பண்ணினாள். "தாளமும் காலும் நல்லா சேர்ந்திருக்குடா. முன் வரிசையில ஒரு மாமி தலை மட்டும் கடைசி வரைக்கும் மறைக்குது, அதை வெட்டி எடுக்க முடியாதா?"