‘முழுக்கக் கைவேலை, பாலிஷ் படாத கேஸ்’ என்று சொல்லி ஒன்பது மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய சொகுசுக் கைக்கடிகாரங்களை வாங்கி மறுவிற்பனை செய்யும் இணையதளம் ஒன்று என் ஒன்பது மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, சொன்ன பொருளைத் தராமல் கைவிரித்துவிட்டது. பெயர் வேண்டாம். எப்படி நம்ப வைத்தார்கள் என்பது தெரிந்தால் போதும், இதே வழியில் விற்கும் யாரிடமும் நீங்கள் சிக்க மாட்டீர்கள்.

கடிகாரம் போலி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை எண்ணும், உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்ட்டும் அசல்தான். பொய் முழுவதும் ஃபினிஷிங்கில், அதாவது பாகங்களை இழைத்து மெருகேற்றும் வேலையில். ‘மூவ்மென்ட் முழுக்கக் கையால் ஃபினிஷிங் செய்தது, கேஸ் இதுவரை பாலிஷ் செய்யப்படாதது’ என்று விளம்பரத்தில் இருந்தது. கேஸ் என்றால் வெளிக்கூடு, பாலிஷ் செய்யப்படாதது என்றால் ஆலையை விட்டு வந்தபின் மறுபடி தேய்க்கப்படாதது. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற இடங்களைவிட அவ்வளவு கூடுதல் விலை. தயாரித்த நிறுவனம் இந்த மாடலைப் பற்றி எங்கேயும் ‘கைவேலை’ என்று சொன்னதில்லை. அது இவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

பணம் கட்டும் முன் வீடியோ காலில் காட்டச் சொன்னேன். மறுக்கவே இல்லை. பேசியவர் விஷயம் தெரிந்தவர், நான் நம்பியதே அதனால்தான். பின்பக்கக் கண்ணாடி வழியே தெரிந்த பிரிட்ஜை (மூவ்மென்ட்டின் பாகங்களைத் தாங்கும் தகடு) காட்டி, “இந்த ஓரச் சரிவைப் பாருங்க சார், ஒவ்வொண்ணும் கையால இழைச்சது” என்றார். அதன் மேலே அலங்காரத்துக்காக இணையாக ஓடும் ஜெனீவா கோடுகளைக் காட்டினார். அப்படியே பேச்சு ஜெனீவா முத்திரை என்ற தரச் சான்றுக்குப் போனது. 1886-ல் தொடங்கியது, மூவ்மென்ட்டை ஜெனீவா மாநிலத்திலேயே பொருத்தியிருக்க வேண்டும், ஒவ்வொரு பாகத்தின் மெருகுக்கும் விதி உண்டு என்று சரளமாகச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கடிகாரத்தில் அந்த முத்திரையே கிடையாது. ஜெனீவா கோடுகளை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும், இயந்திரத்தை வைத்தே போடலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒன்றின் மதிப்பை இன்னொன்றின் மேல் ஏற்றிவிட்டார். “கேஸ் மேல பாலிஷ் சக்கரம் பட்டதே இல்ல சார், நான் பொறுப்பு” என்றும் சொன்னார். அன்றே ஒன்பது மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்தது.

பார்சலைப் பிரித்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் கீழே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்த்தேன். பிரிட்ஜின் ஓரச் சரிவில் ஒரே சீராக, ஒன்றுக்கொன்று இணையாக, இயந்திரத்தின் கட்டர் ஓடிய கோடுகள். கையால் மெருகேற்றிய சரிவில் இந்தக் கோடுகள் மிஞ்சாது. ஓரம் முழுக்க ஒரே பளபளப்பான இழையாக ஓடும். அடுத்து, இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலை. சுழலும் கட்டர் வட்டமானது, அதனால் உள்மூலையைக் கூர்மையாக எடுக்க முடியாது, வளைத்துத்தான் விடும். அந்த மூலை ஊசி முனை மாதிரி இருந்தால் அங்கே ஒரு கை உட்கார்ந்து அரம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் எல்லா உள்மூலையும் வளைவு.

‘பிளாக் பாலிஷ்’ என்று அவர் காட்டிய எஃகுத் தகட்டையும் சாய்த்துப் பார்த்தேன். பொடி வைரப் பசை தடவிய ஈயத் தகட்டில்—வெள்ளீயம், காரீயம் அல்ல—தேய்த்து எடுத்த உண்மையான பிளாக் பாலிஷ் ஒரு கோணத்தில் கன்னங்கரேலென்று இருக்கும், கொஞ்சம் திருப்பினால் சட்டென்று வெளிச்சம் அடிக்கும். நடுவில் சாம்பல் நிறமே வராது. இது எந்தப் பக்கம் திருப்பினாலும் சாம்பல். ஒரு ஸ்க்ரூவின் பள்ளத்தில் விளிம்பு பிய்ந்திருந்தது. அளவு சேராத ஸ்க்ரூடிரைவரால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

கேஸைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. லக்கில், அதாவது பட்டையை மாட்டும் கொம்பில், பிரஷ் செய்த (மெல்லிய கோடுகள் விழத் தேய்த்த) பரப்பும் பாலிஷ் செய்த பரப்பும் சந்திக்கும் கோடு கத்தியால் கீறியது போலத் தெளிவாக இருக்க வேண்டும். அது கலங்கி, லக்குகளின் விளிம்பெல்லாம் மழுங்கிக் கிடந்தது. சம்பந்தமில்லாத ஒரு வாட்ச்மேக்கரிடம் கொண்டுபோனேன். பார்த்த மாத்திரத்தில் “பஃபிங் சக்கரத்துல நல்லா தேய்ச்சிருக்காங்க. போன உலோகம் போனதுதான்” என்றார். லேசர் வெல்டிங்கில் உலோகம் சேர்த்து மறுபடி விளிம்பு எடுக்கலாமாம், அதற்குத் தனிச் செலவு.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. வீடியோவில் பேசியவர், “நல்ல கண்ணு சார் உங்களுக்கு, டீமுக்கு அனுப்புறேன்” என்றார். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. அடுத்து வந்தவர், “கைவேலைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்” என்றார். இயந்திரக் கோட்டைக் காட்டிப் புகார் சொன்னால் அதையே கைவேலைக்குச் சாட்சியாகத் திருப்புகிறார்கள்! இன்னொருவர், “டைம் கரெக்டா காட்டுதில்ல, அப்புறம் என்ன பிரச்சனை?” என்றார். கடைசியாக மெயில் வந்தது: எங்கள் விவரிப்பு வெறுங்கண்ணால் பார்ப்பதற்கானது, லூப்பில் தெரிவதற்குப் பொறுப்பில்லை. வேண்டுமானால் பாதி விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம், அதுவும் எங்களிடமே செலவழிக்கும் வரவாக. ஒன்பது மாதச் சம்பளத்துக்கு இவர்கள் தரும் பதில் இது. இதற்கிடையே விளம்பரப் பக்கத்திலிருந்து ‘கையால்’ என்ற சொல்லைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். பழைய பக்கத்தின் படம் என்னிடம் இருக்கிறது. புகாரோடு சேர்த்திருக்கிறேன்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும்: சுற்றிலும் பரவும் மென்மையான வெளிச்சத்தில் எடுத்த படத்தை நம்பாதீர்கள், அதில் கீறலும் கோடும் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். உள்மூலை, ஸ்க்ரூ தலை, லக் விளிம்பு மூன்றையும் நெருக்கமாகக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘கைவேலை’, ‘பாலிஷ் செய்யாதது’ என்ற சொற்களை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நேரடி வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்று வற்புறுத்தினால் வாங்காதீர்கள். என்னிடம் அப்படித்தான் வாங்கினார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் வங்கியிடம் முறையிடவாவது ஒரு வழி இருக்கும்.