கட்டையின் பாதியில் நிற்கும் இன்ஜின்: பேண்ட் சா மிஷினோடு சில வருடங்கள்

பொள்ளாச்சியில் இருக்கும் அக்கா மகன் கேட்டிருக்கிறான். நான் வைத்திருக்கும் அதே மாடல் மர அறுப்பு மிஷின் ஒன்று அங்கே பழைய விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா மாமா என்று. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. போன வாரம்தான் மறுபடியும் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், அந்தக் கடுப்பும் இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

மிஷினைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. தரையில் இரண்டு தண்டவாளம், அதன் மேல் தள்ளிக்கொண்டு போகிற தலை, தலையிலேயே 389 சிசி பெட்ரோல் இன்ஜின், கிளட்ச், பெல்ட், இரண்டு சக்கரத்தில் வளையமாகச் சுற்றுகிற பட்டை பிளேடு. இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ் 390-ஐப் பார்த்து அதே அளவில் செய்தது, அதன் பாகங்கள் இதற்கும் சேரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பட்டுக்கோட்டை பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. வெட்டி ஏற்ற ஆள் இல்லை, மில்லுக்குக் கொண்டுபோக வண்டி இல்லை, எத்தனையோ மரம் கிடந்த இடத்திலேயே மக்கிப்போனது. அதைப் பார்த்த ஆத்திரத்தில்தான் பின்னாளில் இதை வாங்கினேன். அந்த வேலையைப் பொறுத்தவரை இது என்னை ஏமாற்றவே இல்லை. மரம் கிடக்கிற இடத்துக்கே மிஷின் போகிறது. வாகை, வேம்பு, பூவரசு, மா எல்லாம் வெண்ணெயாக அறுக்கும். பிளேடு மெல்லியது என்பதால் சேதாரம் குறைவு, வட்ட ரம்பத்தில் தூளாகப் போகிற மரத்தில் இங்கே கூடுதலாகப் பலகை கிடைக்கும். தென்னைதான் கஷ்டம். பட்டை ஓரம் வைரமாக இருக்கும், நடுவில் சோறு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். ஆனாலும் அறுத்துவிடும். பலகை நேராக வருகிறது, எந்த ஆசாரியும் இதுவரை குறை சொன்னதில்லை.

இனி இன்ஜினுக்கு வருகிறேன்.

காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். சத்தம் அருமையாக இருக்கும். முதல் கட்டையில் இரண்டு மூன்று பலகை எடுப்போம். அப்புறம், பிளேடு கட்டையின் நடுவில் இருக்கும்போது, சத்தம் ஏறி இறங்க ஆரம்பிக்கும். சோக்கைப் பாதி இழுத்தால் சில நொடி உயிர் வரும், பிறகு அடங்கி நின்றுவிடும். கட்டைக்குள் மாட்டிக்கொண்ட பிளேடை ஆப்பு அடித்து வெளியே எடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு இழுத்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். மறுபடி நிற்கும். கூலிக்கு வந்த ஆட்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்.

விற்றவரைக் கேட்டேன். பெட்ரோல் சரியில்லை என்றார். பிளக் மாற்று என்றார். கார்புரேட்டர் மாற்று என்றார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பட்டறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்பார். ஒருவர், இன்ஜின் நிற்காமல் இருக்கட்டும் என்று ஐடிலை, அதாவது சும்மா ஓடுகிற வேகத்தை, தூக்கி வைத்துவிட்டார். இந்த மிஷினில் அது ஆபத்தான வேலை. ஐடில் கூடினால் கிளட்ச் பாதி பிடித்துக்கொள்ளும், கையை எடுத்த பிறகும் பிளேடு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஆள் நிற்கிற மிஷினில் அப்படிச் செய்யலாமா? அன்றே இறக்கி வைத்தேன். பிளக், அதற்குப் பொறிக்கான கரண்ட் கொடுக்கிற காயில், கார்புரேட்டர் மூன்றும் மாற்றியாகிவிட்டது, காசு போனதுதான் மிச்சம்.

இன்ஜின் நின்றது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். எப்படி நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பட்டென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்தால் முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் குறைந்தால் தானே கரண்டை நிறுத்துகிற சென்சார் உண்டு. தண்டவாளத்தைச் சரிவான தரையில் போட்டால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு சரியாக இருந்தாலும் அது நிறுத்திவிடும். சூடானதும் நின்று, பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருந்து, பொறியும் வரவில்லை என்றால் காயில். ஆனால் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்தால் பொறி நன்றாகவே வரும். குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல், கயிறு லேசாக இழுபட்டால் எக்ஸாஸ்ட் டேப்பட், அதாவது புகை வெளியேறுகிற வால்வின் இடைவெளி, இறுகியிருக்கிறது. ஏறி இறங்கி, சோக் இழுத்தால் பிழைத்து, பிறகு அடங்கினால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. என்னுடையது இந்தக் கடைசி வகை.

அடுத்த முறை நின்றதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்திப் பார்த்தேன். கிண்ணம் காலி. மேலே டேங்க் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, கீழே சொட்டுக்கூட இல்லை. இன்ஜின் ஆறியதும் டேங்க் மூடியைத் திருப்பினேன், உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே பெட்ரோல் இறங்கியது.

மூடிதான் காரணம். இந்த இன்ஜினில் பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து தானாகத்தான் இறங்கும். இறங்க இறங்க அந்த அளவுக்கு மேலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு நுண்ணிய வழி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி பட்டு ஈரமாகிற அந்த வழியில் மரத்தூள் படிந்து பசையாகி அடைத்துவிட்டது. டேங்க் நிறைய ஊற்றிய நாளில் சீக்கிரம் நிற்கும், பாதி டேங்கில் கூடுதல் நேரம் ஓடும், ஏனென்றால் உள்ளே காற்று நிறைய இருக்கிறது. பட்டறையில் அடிப்பெட்ரோலை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஓட்டினால் நிற்கவே நிற்காது. மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கண்ணில் அந்தக் கோளாறு படவே வாய்ப்பில்லை.

கோபம் இதை வடிவமைத்தவர் மேல்தான். இன்ஜினைத் தலையில் பொருத்தியவர் தூள் வெளியேறுகிற வாயை இன்ஜின் இருக்கிற பக்கமே திருப்பி வைத்திருக்கிறார். மூடியும் ஏர் ஃபில்டரும் அந்தத் தூளுக்கு நேர் எதிரே. அறுக்கிற ஒவ்வொரு அடிக்கும் தூள் அங்கேதான் போய் விழுகிறது. மரம் அறுக்கிற மிஷினில் மரத்தூள் வரும் என்பது எதிர்பாராத விஷயமா? அரை அடித் தகரத்தை வளைத்துப் பற்றவைத்திருந்தால் முடிந்திருக்கும்.

மூடியோடு நிற்கவில்லை. கயிறு சுற்றும் மூடியையும் விசிறிக் கூட்டையும் கழற்றிப் பார்த்தால் சிலிண்டரின் தகடுகளுக்கு நடுவே தூளும் ஆயில் கசிவும் சேர்ந்து காய்ந்த வறட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. காற்று போக வழியே இல்லை. அந்தச் சூட்டில் ஓடி ஓடி எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி 0.20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.10 கேஜ் தகடுகூட நுழையவில்லை. இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை அமுக்கத்தின் உச்சியில் நிறுத்தி, காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வை 0.15, எக்ஸாஸ்டை 0.20 என்று வைத்தேன். போன வாரம் செய்த வேலை இதுதான். இப்போது சூடான இன்ஜினும் முதல் இழுப்பிலேயே பிடிக்கிறது.

பெட்ரோலைப் பற்றி விற்றவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2023 பிப்ரவரியில் வர ஆரம்பித்த, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும். ஹோண்டாவின் கையேடு இந்த வகை இன்ஜினுக்கு 10 சதவீதம் வரைதான் சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மிஷின் சும்மா நிற்கும்போது கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி, வெள்ளையாகப் பூத்து, பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். அப்போதும் இன்ஜின் ஏறி இறங்கும், ஆனால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே அப்படித்தான் ஓடும், அதுதான் வித்தியாசம். மழைக்கு நிறுத்துமுன் பெட்ரோல் டேப்பை மூடி, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு, கிண்ணத்தையும் வடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஜெட் அடைத்தால் கம்பியைவிட்டுக் குத்த வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். தூண்டில் நைலான் நரம்பு போதும்.

இன்னொன்று, இன்ஜின் திணறுகிறது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்ஜினில் கோளாறே இருக்காது. மழுங்கின பிளேடும் தளர்ந்த பெல்ட்டும் அதே திணறலைக் கொடுக்கும். கார்புரேட்டரில் கை வைக்குமுன் நல்ல பிளேடு ஒன்றை மாட்டிப் பாருங்கள். மாட்டுமுன் பிளக் ஒயரைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள்.

நான் இப்போது தூள் வாயில் தகரம் வளைத்து, அதன் நுனியில் டியூப் ரப்பரைத் தொங்கவிட்டு, தூளைக் கீழே திருப்பியிருக்கிறேன். ஏர் ஃபில்டருக்கு மேல் துணி உறை. சாயங்காலம் மூடியைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, காற்று அடித்து மாட்டுகிறோம். வாகை அறுக்கிற நாளில் ஆட்கள் தும்மித் தீர்ப்பார்கள், அந்தத் தூள் எவ்வளவு மெலிதாகப் பறக்கும் என்று அதிலேயே தெரியும், அன்றைக்கு மத்தியானமும் ஒரு தடவை அலசியாக வேண்டும். இவ்வளவும் செய்தால் இன்ஜின் பிரமாதமாக ஓடுகிறது, குறை சொல்ல முடியாது.

ஆனாலும் தம்பி, வாங்காதே என்றுதான் சொல்வேன். மரம் நன்றாக அறுக்கிறது, பலகை நேராக வருகிறது, நான் இதை விற்கவும் மாட்டேன், எல்லாம் உண்மை. இருந்தாலும் ஒரு தகரத் துண்டு இல்லாததற்காக நான் அலைந்த அலைச்சலை நீயும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இன்ஜினைத் தனியாகத் தள்ளி வைத்து, தூளை எதிர்ப்பக்கம் தள்ளுகிற மாடல்கள் இருக்கின்றன, கொஞ்சம் கூடுதல் விலை, அதைப் பார்.

அப்படியும் விலை குறைவு என்று மனசு அங்கேயே போனால், பார்க்கப் போகிற அன்றைக்கு ஐந்து நிமிடம் ஓடியதும் தலையை ஆட்டிவிடாதே. டேங்கை நிறைய ஊற்றச் சொல், நல்ல புளியங்கட்டை ஒன்றை ஏற்றச் சொல், அரை மணி நேரம் விடாமல் அறுக்கச் சொல். நடுவில் நின்றால் இன்ஜினை ஆறவிட்டு, மூடியை நீயே உன் கையால் திற. உஸ் என்று சத்தம் வந்தால் விலையை இன்னும் குறைத்துக் கேள்.