பேஸ்பாலில் பெரிய ஆட்டக்காரர் யார், வில்லி மேஸா, மிக்கி மேன்டிலா?

இருவரும் பிறந்தது 1931இல். நியூயார்க்கில், அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலுக்கு வந்தது 1951இல். ஆடிய இடமும் ஒன்றே, சென்டர் ஃபீல்ட், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவிடம். மேஸ் ஜயன்ட்ஸ் அணி, மேன்டில் யாங்கீஸ்.

அந்த வருட வேர்ல்ட் சீரிஸின், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின், இரண்டாம் ஆட்டம். மேஸ் தூக்கி அடித்த பந்தைப் பிடிக்க மேன்டில் ஓடினார். அதே அணியின் சீனியர் ஜோ டிமாஜியோ பந்துக்குக் கீழே வந்துவிட்டதால் சட்டென நின்றார். தரையிலிருந்த வடிகால் மூடியில் கால் சிக்கி முழங்கால் போனது. அப்புறம் காலில் கட்டுப் போட்டுக்கொண்டே ஆடிய ஆட்டங்கள்தான் அதிகம். அப்படியிருந்தும் 1956இல் பேட்டிங் சராசரி, ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்), ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்கள்) மூன்றிலும் முதலிடம்!

சாம்பியன் பட்டம் மேன்டிலுக்கு 7, மேஸுக்கு 1. ஆனால் அன்றைய யாங்கீஸ் அசுர பலம் கொண்ட அணி. அதையெல்லாம் ஒருவர் கணக்கில் எழுத முடியுமா?

ஹோம் ரன்னில் மேஸ் 660, மேன்டில் 536. இத்தனைக்கும் 1952இல் பெரும்பகுதியும் 1953 முழுவதும் மேஸ் ராணுவத்தில் இருந்தார். ஃபீல்டிங்கில் போட்டியே இல்லை. 1954 வேர்ல்ட் சீரிஸில், போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில், முதுகைக் காட்டி ஓடியபடியே தோளுக்கு மேல் வந்த பந்தைப் பிடித்து, தொப்பி பறக்கத் திரும்பி எறிந்தாரே, அதைப் பார்த்தாலே தெரியும். என் ஓட்டு மேஸுக்குத்தான். மேன்டிலின் முழங்கால் நன்றாக இருந்திருந்தால்? சரி, அப்போது கொஞ்சம் யோசித்திருப்பேன்.