விளையாட்டுக் கோப்பு காணவில்லை என்று மாட் மேலாளர் சொல்லும்போது: ரீயூனியனிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டைப் பல ஆண்டுகளாக மாட்களுடன், அதாவது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் கோப்புகளுடன், விளையாடி வருகிறேன். மாட்களை நிறுவி நிர்வகிக்கும் மேலாளர் மென்பொருள்களில் முதலில் வோர்டெக்ஸ், பிறகு மாட் ஆர்கனைசர் 2, அதனுடன் ஆயத்த மாட் தொகுப்புகளை நிறுவித்தரும் வாபாஜாக் என்று மூன்றையும் போதுமான அளவு பயன்படுத்தியிருக்கிறேன். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான ரீயூனியன் தீவின் செயின்ட் டெனி நகரில் எங்களைப் போலப் புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் இந்த விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பெரும்பாலானவை, விளையாட்டுக் கோப்பு கிடைக்கவில்லை என்ற ஒரே அறிவிப்பைப் பற்றியவை. அந்த அறிவிப்பைக் கண்டதும் விளையாட்டையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குவது வீண்வேலை என்பது என் உறுதியான கருத்து. கோப்பு உண்மையிலேயே அழிந்துபோன நிகழ்வுகளை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது வேறு மொழியிலோ, வேறு பதிப்பிலோ, வேறு இடத்திலோ இருக்கிறது.

எங்கள் தீவில் முதலில் பார்க்க வேண்டியது மொழிதான். இங்கே வாங்கும் கணினியில் விண்டோஸ் பிரெஞ்சு மொழியில் இருக்கும். விளையாட்டுகளை விற்று இறக்கித்தரும் ஸ்டீம் மென்பொருளும் அதைப் பின்பற்றி விளையாட்டைப் பிரெஞ்சிலேயே இறக்கித்தரும். ஸ்கைரிமின் குரல் கோப்பு ஆங்கிலப் பதிப்பில் 'இஎன்0' என்றும் பிரெஞ்சுப் பதிப்பில் 'எஃப்ஆர்0' என்றும் முடியும் பெயரைக் கொண்டது. வாபாஜாக்கில் கிடைக்கும் தொகுப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில நிறுவலை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், பிரெஞ்சுக் குரல் கோப்பு முழுமையாக, பழுதில்லாமல் இருந்தாலும், ஆங்கிலக் கோப்பு இல்லை என்று நிறுவல் நின்றுவிடும். ஸ்டீமில் அந்த விளையாட்டின் பண்புகளுக்குள் சென்று மொழியை ஆங்கிலமாக மாற்றினால், தேவையான பகுதி மட்டும் பதிவிறங்கிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மொழியால் வரும் இன்னொரு குறை இதைவிட நுட்பமானது. மாட்களின் அமைப்பு மெனுவில் சொற்களுக்குப் பதிலாக டாலர் குறியுடன் தொடங்கும் புரியாத பெயர்கள் வரிசையாகத் தோன்றும். மாட் பழுதாகிவிட்டது என்று பலரும் அதை நீக்கிவிடுகிறார்கள். உண்மையில், விளையாட்டு பிரெஞ்சில் ஓடும்போது அது 'பிரெஞ்ச்' என்று முடியும் மொழிபெயர்ப்புக் கோப்பைத் தேடுகிறது. மாட்டை எழுதியவர் ஆங்கிலக் கோப்பை மட்டுமே கொடுத்திருப்பார். அந்த ஆங்கிலக் கோப்பை அதே கோப்புறையில் நகலெடுத்து, பெயரின் இறுதியை மட்டும் பிரெஞ்ச் என்று மாற்றிவிட்டால், சொற்கள் ஆங்கிலத்திலாவது தெரியும். பிரெஞ்சுக் குரல்களை விட மனமில்லாத என் தங்கை மகன் இப்படித்தான் விளையாடுகிறான். ஆயத்தத் தொகுப்புகளை நாடாமல் மாட்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறான். அவனுடைய வழி மெதுவானது என்றாலும், அவனைப் போன்றவர்களுக்கு அதுவே சரியான வழி என்று நினைக்கிறேன்.

வாபாஜாக் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது விளையாட்டின் கோப்புகளை யாருக்கும் விநியோகிப்பதில்லை. நம்மிடம் உரிமையுடன் இருக்கும் கோப்புகளையே மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு, தொகுப்பை உருவாக்கியவரின் எண்ணுடன் ஒப்பிடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கத்தில் ஒரு பைட் மாறியிருந்தால் அந்தக் கோப்பு அதற்கு இல்லாததற்குச் சமம். 2021 நவம்பரில் வந்த ஆனிவர்சரி புதுப்பிப்புடன் மீன்பிடித்தல், சர்வைவல் மோட், செயின்ட்ஸ் அண்ட் செட்யூசர்ஸ், ரேர் க்யூரியோஸ் ஆகிய கூடுதல் உள்ளடக்கங்கள் எல்லோருக்கும் கிடைத்தன. மற்றவை பணம் கட்டி வாங்க வேண்டியவை. வாங்கினால் மட்டும் போதாது. விளையாட்டை ஒருமுறை திறந்து, முதன்மை மெனுவிலிருந்து அவற்றை இறக்கிக்கொள்ளவும் வேண்டும். இந்தக் கூடுதல் உள்ளடக்கங்களுக்குரிய, 'சிசி' என்று தொடங்கும் கோப்புகள் இல்லை என்று அறிவிப்பு வந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். ரேர் க்யூரியோஸ் கோப்பு ஸ்டீம் வழியாக வரும்போது ஒருவிதமாகவும், விளையாட்டின் உள்மெனு வழியாக வரும்போது வேறுவிதமாகவும் அமைந்துவிடுவது இந்தத் துறையில் பழக்கமுள்ளவர்கள் அறிந்ததே. அந்தக் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஸ்டீமில் விளையாட்டுக் கோப்புகளின் முழுமையைச் சரிபார்க்கும் வசதியை இயக்கினால், எதிர்பார்க்கப்படும் வடிவம் வந்துசேரும்.

இந்தச் சரிபார்ப்பு வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன். மாறுபட்ட அல்லது இல்லாத கோப்புகளை மட்டும் அது மீண்டும் இறக்குகிறது. நாம் கூடுதலாக வைத்த கோப்புகளை அழிப்பதில்லை. ஆகவே, சரிபார்த்த பிறகும் கோப்புறை தூய்மையாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வோர்டெக்ஸ் பயன்படுத்துவோர் இங்கே ஒரு படி கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். வோர்டெக்ஸ் வழக்கமாக மாட் கோப்புகளை ஹார்ட் லிங்க் என்ற இணைப்பு முறையில் விளையாட்டின் டேட்டா கோப்புறையிலேயே பொருத்துகிறது. மாட் இடம்பிடிக்கும் மூலக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கிவைக்கிறது. அந்த நிலையில் ஸ்டீமின் சரிபார்ப்பை ஓட்டினால், மாட்டின் கோப்பு பழுதானதாகக் கருதப்பட்டு மூலக் கோப்பு அதன் இடத்துக்கு வந்துவிடும். எனவே முதலில் பர்ஜ் கட்டளையால் எல்லா இணைப்புகளையும் அகற்றி, பிறகு சரிபார்த்து, அதன்பின் டிப்ளாய் கட்டளையால் மாட்களை மீண்டும் பொருத்த வேண்டும். ஹார்ட் லிங்க் ஒரே வட்டுப் பகுதிக்குள் மட்டுமே இயங்கும் என்பதால், மாட்களைச் சேமிக்கும் கோப்புறையும் விளையாட்டும் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வடிவமைப்புள்ள ஒரே பகுதியில் இருக்க வேண்டும்; எக்ஸ்ஃபாட் வடிவமைப்புள்ள வெளிவட்டில் அந்த முறை நடக்காது.

மாட் ஆர்கனைசர் 2 இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தோன்றவே விடுவதில்லை. இரண்டு மென்பொருள்களின் தொடக்கத்திலும் ஒரே நிரலாளரின் கை இருந்தது என்றாலும் அவற்றின் அணுகுமுறை வேறு. ஆர்கனைசர் ஒவ்வொரு மாட்டையும் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் அவையெல்லாம் டேட்டா கோப்புறையில் இருப்பது போன்ற மெய்நிகர் தோற்றத்தை உருவாக்குகிறது. மூலக் கோப்புறை தொடப்படாமல் இருப்பதால், எது இல்லை என்று கண்டுபிடிப்பது எளிதாகிறது. வலப்பக்கத்தில் உள்ள டேட்டா தாவலைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பும் எந்த மாட்டிலிருந்து வருகிறது என்பது தெரியும். மாட்டின் மாற்றங்களை விளையாட்டில் சேர்க்கும் பிளகின் கோப்புக்கு அடிப்படையான மாஸ்டர் கோப்பு இல்லையென்றால் அதன் அருகிலேயே எச்சரிக்கைக் குறி தோன்றும், அதன்மீது சுட்டியை வைத்தால் இல்லாத கோப்பின் பெயரும் வரும். மெனு தோன்றுவதற்கு முன்பே விளையாட்டு மூடிக்கொள்ளும் நேரங்களில் நான் முதலில் பார்ப்பது அந்தக் குறியைத்தான். இந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: விளையாட்டையும் மாட் சார்ந்த கருவிகளையும் ஆர்கனைசருக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். ஸ்டீமிலிருந்து நேரடியாகத் தொடங்கினால் மாட் ஒன்றுகூடத் தெரியாது.

விளையாட்டையே காணவில்லை என்று மேலாளர் சொல்வதும் உண்டு. விளையாட்டை வேறு வட்டுக்கு நகர்த்திய பிறகு இது வரும். அதன் தொடக்கியை ஒருமுறை ஓட்டினால் புதிய இடம் விண்டோஸ் பதிவேட்டில் எழுதப்பட்டுவிடும், அமைப்புக் கோப்புகளும் உருவாகும். அந்த அமைப்புக் கோப்புகள் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் இருப்பதால், அந்தக் கோப்புறை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் உச்சரிப்புக் குறியுள்ள எழுத்துகள் பயனர் கோப்புறையின் பெயரில் இருந்தால் சில பழைய கருவிகள் தடுமாறுகின்றன; விளையாட்டையும் மாட்களையும் வட்டின் வேரிலேயே குறியில்லாத எளிய பெயருள்ள கோப்புறையில் வைப்பது நல்லது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையை எப்படியும் தவிர்க்க வேண்டும். எழுதும் அனுமதியில் விண்டோஸ் அங்கே கட்டுப்பாடு வைக்கிறது.

புயல் பருவத்தில் எங்களுக்கு வேறொரு கவலையும் சேர்கிறது. 2025 பிப்ரவரி இறுதியில் கரான்ஸ் சூறாவளி தீவைக் கடந்தபோது மின்சாரம் பரவலாக நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் பாதியில் நின்ற பதிவிறக்கம் பெயரளவில் கோப்பாக இருக்கும், உள்ளே முழுமை இருக்காது. மின்சாரம் திரும்பியதும் மாட் மேலாளரைத் திறப்பதற்கு முன் ஸ்டீமின் சரிபார்ப்பை முடித்துவிடுமாறு தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். பதிவிறக்கக் கோப்புறையில் அளவு குறைந்து தெரியும் மாட்களையும் நீக்கிவிட்டு மீண்டும் இறக்குவதே பாதுகாப்பு. எக்காரணத்தைக் கொண்டும் இல்லாத விளையாட்டுக் கோப்பை முன்பின் தெரியாத தளத்திலிருந்து எடுக்கக் கூடாது. அது சட்டத்துக்கும் கணினியின் நலத்துக்கும் கேடு, ஹாஷும் பொருந்தப்போவதில்லை.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் விளையாட்டின் புதுப்பிப்பு அதைக் கலைத்துவிடலாம். 2023 டிசம்பரில் வந்த 1.6.1130 பதிப்பு ஸ்கைரிமுக்குப் புதிய மாஸ்டர் கோப்பு ஒன்றைச் சேர்த்தது. பழைய பதிப்பில் நின்றவர்களுக்கு, புதிய மாட்கள் அதைக் கேட்டபோது மாஸ்டர் இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. ஸ்டீமில் விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி அமைக்கலாம் என்றாலும், நான் நம்புவது தனி நகலைத்தான். சரிபார்க்கப்பட்ட, மாட் எதுவும் கலக்காத விளையாட்டுக் கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்து, மாட் ஆர்கனைசரை அந்த நகலை நோக்கி அமைத்திருக்கிறேன். வாபாஜாக் தொகுப்புகள் பலவும் ஸ்டாக் கேம் என்ற பெயரில் இதையே செய்கின்றன. வட்டில் கூடுதல் இடம் தேவைப்படும்; ஆனால் ஸ்டீம் தன் நிறுவலை எப்போது புதுப்பித்தாலும் என் நகலில் உள்ள கோப்புகள் மாறுவதில்லை, மாட்களைப் புதிய பதிப்புக்கு எப்போது கொண்டுபோவது என்பதையும் அவற்றை எழுதியவர்கள் ஆயத்தமான பிறகு நானே தீர்மானித்துக்கொள்கிறேன்.