நிறம் மாறும் மேசை விளக்கு: ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சன்னல் இல்லாத என் வேலை அறையில் பிற்பகல் 3 மணிக்கே மனம் சோர்ந்துவிடுவதற்கு என் சோம்பலே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்த நான், 2,700 கெல்வின் (மஞ்சள்) முதல் 6,500 கெல்வின் (நீலம் கலந்த வெண்மை) வரை ஒளியின் நிறத்தை மாற்றக்கூடிய இந்த எல்இடி விளக்கை வாங்கிய பிறகு, பழியில் பாதியை அறையின் மீது போடத் துணிந்தேன். விழித்திரையில் சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உணர்ந்து உடலின் கடிகாரத்தைத் திருத்தும் செல்கள் இருப்பதால், இதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. நீலம் கலந்த அதே வெண்ணிற ஒளி இரவில், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைத்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதால், மாலைக்கு மஞ்சள் ஒளியே ஏற்றது. ஆனால் அணைத்துப் போட்டால் முன்பு வைத்த நிறத்தை மறந்து, நள்ளிரவிலும் பளீரென்ற வெண்மையையே முகத்தில் வீசுகிறது! தண்டு உறுதியானது. மேகம் கடக்கையில் மங்கித் தெளியும் பகலொளியை மட்டும் இதன் எந்தப் பொத்தானும் தருவதில்லை.