எச்சரிக்கை: ரீயூனியன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக் மெசஞ்சரிலோ வரும் ஸ்க்ரீன்ஷாட்டை டிக்கெட் என்று நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பிரிந்துபோன பிரிட்டிஷ் ராக் பாண்டு ஒயேசிஸ் மறுபடி சேர்ந்தபோது (ரீயூனியன்) ஏமாந்த ரசிகர்களில் பெரும்பாலோர் சறுக்கிய இடம் சமூக ஊடகம்தான். லாயிட்ஸ் வங்கி 2025-இல் சொன்ன கணக்குப்படி ஏமாந்த ஒவ்வொருவரும் சராசரியாக 436 பவுண்டு இழந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மோசடிகள் சமூக ஊடகப் பதிவிலோ விளம்பரத்திலோ தொடங்கியவை.

இன்றைக்குப் பெரிய கச்சேரிகளின் டிக்கெட் என்பது பெரும்பாலும் விற்ற நிறுவனத்தின் கணினியில் ஒருவர் கணக்கில் இருக்கும் பதிவு, அவ்வளவுதான். அந்தப் பதிவை அதே ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்ற முடிந்தவரிடம்தான் டிக்கெட் இருக்கிறது. "பணத்தைப் போடுங்க, அப்புறம் மாத்தித் தர்றேன்" என்பவரிடம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் வராது.

ஒயேசிஸின் லியாம் கேலகரும் அண்ணன் நோயலும் 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடையேறும் முன்பே சண்டை போட்டுக்கொள்ள, பாண்டு உடைந்தது. 2024 ஆகஸ்ட் 27 அன்று மறுபடி சேர்கிறோம் என்று அறிவித்தார்கள். நாலே நாளில், 31-ஆம் தேதி சனிக்கிழமை காலை, பொது விற்பனை. பதினைந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு யோசிக்கக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். மோசடிக் கும்பலுக்கு வேண்டியதும் இந்த அவசரம்தான்.

முதல் அடி விழுந்தது முறையான விற்பனையில். மான்செஸ்டர் ஹீட்டன் பார்க்கில் நின்று பார்க்கும் டிக்கெட் 148.50 பவுண்டு என்று நம்பி லட்சக்கணக்கானோர் ஆன்லைன் வரிசையில் நின்றார்கள். மணிக்கணக்காகக் காத்திருந்து முன்னால் வந்தவர்களில் பலருக்குத் திரையில் தெரிந்த விலை 355.20. அதே மைதானம், அதே நிற்கும் இடம். எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கக் கிடைத்ததோ சில நிமிடம். எல்லோரும் இதை 'டைனமிக் பிரைசிங்' என்று திட்டினார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரித்துச் சொன்னது வேறு: தேவையைப் பார்த்து நொடிக்கு நொடி கணினி விலையை ஏற்றியதற்கு ஆதாரம் இல்லை. நிற்கும் டிக்கெட்டை இரண்டு விலையில் பிரித்து வைத்து, மலிவானது தீர்ந்ததும் விலை கூடியதைத் திறந்திருக்கிறார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. 'பிளாட்டினம்' என்று பெயர் சூட்டிய டிக்கெட்டுகளைச் சாதாரண விலையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு விற்றார்கள். அதற்குக் கூடுதல் வசதி எதுவும் கிடையாது, அதையும் தெளிவாகச் சொல்லவில்லை. நம் ஊர் தியேட்டர் வாசலில் செய்தால் இதற்குப் பெயர் வேறு.

2025 செப்டம்பரில், இந்த டிக்கெட்டுகளை விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஆணையத்திடம் உறுதி எழுதிக் கொடுத்தது: இப்படி அடுக்கு விலையில் விற்பதாக இருந்தால் 24 மணி நேரம் முன்பே ரசிகர்களிடம் சொல்ல வேண்டும், வரிசையில் நிற்கும்போதே விலை விவரம் காட்ட வேண்டும். ஆகவே அடுத்த விற்பனையில் முந்தைய நாளே நிறுவனத்தின் மின்னஞ்சலையும் நிகழ்ச்சிப் பக்கத்தையும் பாருங்கள். இரண்டு விலை போட்டிருந்தால் உங்கள் உச்சவரம்பை அப்போதே முடிவுசெய்துவிடுங்கள். வரிசையின் முனைக்கு வந்தபின் கணக்குப் போட்டால் கை தானாக 'வாங்கு' பொத்தானுக்குப் போய்விடும்.

வரிசையில் வேறு ஒரு கூத்தும் நடந்தது. மணிக்கணக்காக நின்ற பலரை 'பாட்', அதாவது ஆளில்லாமல் தானாக வாங்கும் மென்பொருள், என்று சந்தேகித்து வெளியே தள்ளியது தளம். ஒரே கணக்கில் நாலைந்து டேப் திறப்பது, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போடுவது, பொறுமையிழந்து பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரீஃப்ரெஷ் செய்வது, எல்லாமே அந்தச் சந்தேகத்தை வளர்ப்பவை. ஒரு கருவி, ஒரு டேப், முந்தைய நாளே லாகின், கார்டு விவரம் காலாவதியாகாமல் பதிந்திருக்க வேண்டும். வங்கி ஓடிபி வரும் போன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி பிளாக் சந்தை. பொது விற்பனைக்கு முந்தைய நாள் மாலை, பதிவு செய்தவர்களில் குலுக்கலில் தேறியவர்களுக்கு மட்டும் முன்விற்பனை நடந்தது. உண்மையான ரசிகரா என்று பார்க்க, பாண்டின் முதல் டிரம்மர் யார் என்று ஒரு கேள்வி வேறு. டோனி மெக்கரோல் என்று கூகுள் ரெண்டு நொடியில் சொல்லிவிடும் விடையை வைத்து யாரை வடிகட்டப் பார்த்தார்களோ! அன்றிரவே மறுவிற்பனைத் தளங்களில் சில டிக்கெட்டுகள் 6,000 பவுண்டைத் தாண்டின. விதிமுறையில் இரண்டு விஷயம் தெளிவாகவே இருந்தது. ஒரு கச்சேரிக்கு ஒரு வீட்டுக்கு நாலு டிக்கெட்தான். அனுமதித்த தளங்களுக்கு வெளியே, வாங்கிய விலைக்கு மேல் விற்ற டிக்கெட் ரத்தாகும். 2024 அக்டோபரில் ஏற்பாட்டாளர்கள் சுமார் 50,000 டிக்கெட்டுகளை ரத்து செய்து பழைய விலைக்கே மறுபடி விற்கப்போவதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய டிக்கெட் இப்படி ரத்தானால் பழைய விலை திரும்பப் போவது முதலில் வாங்கியவரின் கார்டுக்கு. நீங்கள் மறுவிற்பனைத் தளத்தின் 'உத்தரவாத'த்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதுதான்.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. அயர்லாந்தில் 2021 சட்டப்படி டப்ளின் க்ரோக் பார்க் மாதிரி அரங்குகளின் டிக்கெட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்பதே குற்றம். ஆகவே டப்ளின் கச்சேரிக்கு யாராவது கூடுதல் விலை கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ஃபுட்பால் டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றம், பாட்டுக் கச்சேரிக்கு அந்தத் தடை இல்லை. கச்சேரிக்கும் விலை வரம்பு கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்ததே 2025 நவம்பரில்தான். ஆனாலும் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி மறுவிற்பனை செய்பவர் அரங்கில் எந்தப் பகுதி (பிளாக்), சீட் உள்ள டிக்கெட் என்றால் வரிசை, சீட் எண், டிக்கெட்டின் மூல விலை, அதில் உள்ள கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் விலகிவிடுங்கள்.

மெசஞ்சர் மோசடிக்கு வருவோம். ஏமாந்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை. ரசிகர் குழுவில் பதிவு போடுவது பெரும்பாலும் பல வருஷப் பழைய கணக்கு. குடும்பப் படம், நாய்க்குட்டி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் இருக்கும், ஏனென்றால் அது திருடிய கணக்கு. "அக்கா வர முடியல, நாலு டிக்கெட் இருக்கு, வாங்கின விலைக்கே தர்றேன்." கொள்ளை விலை கேட்டால் சந்தேகம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்து ஆர்டர் உறுதிப்படுத்தல் ஸ்க்ரீன்ஷாட். அதற்கடுத்து, "இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க, பாதிப் பணம் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்." பாதி போனதும் "வங்கியில பிளாக் ஆயிடுச்சு, மீதியையும் போட்டாதான் ரிலீஸ் ஆகும்" என்பார்கள். பிறகு பிளாக் ஆவது நீங்கள்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் கீழ்த்தட்டு பிளாக்குகள் 1-இல் தொடங்கும் மூன்று இலக்க எண்கள், நடுத்தட்டு 2-இல், மேல்தட்டு 5-இல் தொடங்கும். '512, லோயர் டியர்' (கீழ்த்தட்டு) என்று ஸ்க்ரீன்ஷாட் வந்தால் அது போட்டோஷாப்பில் பிறந்தது. ஹீட்டன் பார்க் திறந்தவெளிப் பூங்கா. அங்கே நிற்கும் டிக்கெட்டில் வரிசை எண்ணும் சீட் எண்ணும் இருக்காது. எண்கள் பொருந்தினாலும் அதோடு விட வேண்டாம். உண்மையான டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டையே பத்துப் பேருக்கு விற்பவர்களும் உண்டு. பல நிகழ்ச்சிகளில் பார்கோடு கடைசி நாட்கள் வரை ஆப்பில் தெரியாது. சில இடங்களில் அது சில நொடிக்கு ஒருமுறை மாறும். படம் பிடித்து அனுப்பிய கோடு வாசலில் வேலை செய்யாது. மாற்றிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் அதிலுள்ள லிங்கைத் தொடாமல் நீங்களே ஆப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் டிக்கெட் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலும் போலி. டிரான்ஸ்ஃபர் வசதி இன்னும் திறக்கவில்லை என்று விற்பவர் சொல்வது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். அப்படியானால் அது திறக்கும் நாளில் பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் வழிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். கிரெடிட் கார்டில் வாங்கினால் பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும். இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று: தனிப்பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்ட வேண்டும். 74.25 பவுண்டு சீட் நாலு வாங்கி 297 ஆனாலும் ஒவ்வொன்றும் 100-க்குக் கீழ்தான், பிரிவு பொருந்தாது. நடுவில் மறுவிற்பனைத் தளம் நின்றாலும் சங்கிலி அறுந்தது என்று கார்டு நிறுவனம் தட்டிக்கழிக்கலாம். அப்போது 'சார்ஜ்பேக்' கேளுங்கள், அதாவது விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி உங்கள் வங்கியைக் கேட்பது. டெபிட் கார்டுக்கும் உண்டு. பொதுவாக 120 நாள் கெடு. வருங்கால நிகழ்ச்சி என்றால் அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' என்று குறித்து அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கும்பல் அப்படித்தான் அனுப்பச் சொல்லும்.

வங்கிப் பரிமாற்றம் செய்து ஏமாந்தவர்களுக்கு 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டனில் கட்டாயத் திருப்பித்தரல் விதி இருக்கிறது. உச்சம் 85,000 பவுண்டு, கடைசிப் பரிமாற்றத்திலிருந்து 13 மாதத்துக்குள் புகார், வங்கி 100 பவுண்டு வரை கழித்துக்கொள்ளலாம். அந்தத் தேதிக்கு முன் அனுப்பிய பணத்துக்கு இந்த விதி பொருந்தாது, அதாவது ஒயேசிஸ் விற்பனையின் முதல் ஐந்து வாரத்தில் ஏமாந்தவர்களுக்கு இல்லை. நாடு விட்டு நாடு அனுப்பிய பணத்துக்கும் இல்லை. லண்டன் கச்சேரிக்குப் போக நினைத்துச் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ யாரோ ஒருவரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் போடுபவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். பணம் அனுப்பும்போது கணக்கின் பெயர் பொருந்தவில்லை என்று வங்கித் திரை எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தள்ளிவிட்டு அனுப்பினால் பிறகு வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

ஏமாந்துவிட்டால் முதல் சில மணி நேரம் முக்கியம். பிரிட்டனில் 159-ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்பார்கள். இந்தியாவிலிருந்து பணம் போயிருந்தால் 1930. உரையாடல், கணக்குப் பக்கத்தின் முகவரி, பணம் போன கணக்கு எண் எல்லாவற்றையும் சேமித்த பிறகே ஆளைத் திட்டுங்கள். திட்டிய அடுத்த நிமிடம் எல்லாம் அழிந்துவிடும்.

ஹோட்டல் விஷயமும் உண்டு. தேதி வெளியானதும் மான்செஸ்டரில் ஏற்கெனவே உறுதியான அறைகளைச் சில ஹோட்டல்கள் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ரத்து செய்ததாகவும், அதே அறை பல மடங்கு விலையில் திரும்ப வந்ததாகவும் புகார்கள் கிளம்பின. ஹோட்டலிலேயே நேரடியாக முன்பணம் கட்டி புக் செய்து, அதன் உறுதிப்படுத்தலை அச்சிட்டு வையுங்கள். ரத்து என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கச்சேரிக்கே போகாமல் ஏமாறவும் வழி இருக்கிறது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் ராக் பாடகர் ஆசி ஆஸ்போர்ன் தன் பழைய பிளாக் சாபத் பாண்டின் கூட்டாளிகள் மூவரோடும் இருபது வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து கடைசியாகப் பாடினார். அதற்கு முறையான கட்டண ஒளிபரப்பு இருந்தது, அதுவும் தாமதமாகத்தான் ஓடியது. இப்படிப்பட்ட நாளில் ஃபேஸ்புக்கில் 'இலவச நேரலை' என்று வரும் பக்கங்கள் பதிவுசெய்யக் கார்டு எண் கேட்கும். படம் வராது, மாதச் சந்தா மட்டும் கழியும். அவர் அதே மாதம் 22-ஆம் தேதி மறைந்தார். இந்த மாதிரி நேரத்தில் விற்பனைக்கு வரும் 'கையொப்பமிட்ட' போஸ்டர்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மை காகிதத்தில் ஊறி ஓரம் ஏற்ற இறக்கமாக இருந்தால் பேனா. சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் பிரிண்ட். விற்பவரே அடித்துக்கொடுக்கும் 'அசல் சான்றிதழ்' வெறும் காகிதம்.

பிளாக் சந்தையைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பவர்களுக்கு 2007 டிசம்பர் 10 ஞாபகம் இருக்கட்டும். பாடகர் ராபர்ட் பிளான்ட் தன் பழைய ராக் பாண்டு லெட் செப்பலினோடு மறுபடி சேர்ந்து லண்டன் ஓ2 அரங்கில் பாடியபோது டிக்கெட் 125 பவுண்டு. குலுக்கலில் தேறியவர் அடையாள அட்டையும் பணம் கட்டிய கார்டும் காட்டி, கையில் பட்டை கட்டிக்கொண்ட பிறகே உள்ளே போக முடிந்தது. வாசலில் நீண்ட வரிசை, ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்தான். பெயர் மாறாத டிக்கெட்டை விற்பது சிரமம், அவ்வளவுதான் சூட்சுமம்.

டிக்கெட் கிடைக்காதவர்கள் கடைசி வாரம் வரை கைவிட வேண்டாம். மேடையும் ஒலி கோபுரங்களும் எங்கே நிற்கும் என்று முடிவாகும்வரை, பார்வை மறைக்குமோ என்று சில பகுதிகளை விற்காமல் வைத்திருப்பார்கள். முடிவானதும் அவை பழைய விலைக்கே, பெரிய விளம்பரமின்றித் திறக்கும். ஏற்பாட்டாளர் பெயர் சொல்லி அனுமதித்த மறுவிற்பனைத் தளத்தில் 'அலர்ட்' போட்டு வையுங்கள். போக முடியாமல் போனவர்கள் வாங்கிய விலைக்கே திருப்பிப் போடுவது கடைசி இரண்டு மூன்று நாளில்தான் அதிகம். இரண்டு சீட் சேர்த்துத் தேடுவதைவிட ஒற்றை சீட் சீக்கிரம் மாட்டும்.